முதுகு ரெக்கை

ஒகேனக்கல்லில் மீன் அரிந்து கொடுக்கும் அந்த அம்மாவின் மூக்குக்கண்ணாடியில் செதில்கள் ஒட்டியிருந்தன. கத்தி வைப்பதற்கு முன் ஒவ்வொரு மீனின் முதுகையும் கட்டைவிரலால் ஒருமுறை தடவிப் பார்ப்பார். காத்திருந்த நேரத்தில், அந்தமான் கடலுக்குள் மூழ்கி நான் எடுத்த இரண்டு படங்களைப் பெருமையாகக் காட்டினேன்.

“ரெண்டும் ஒரே மீன்தாம்மா.”

“இல்லைங்க, வேற வேற. இதுக்கு முதுகு ரெக்கை குட்டையா இருக்குது. அதுக்கு நீட்டா ஓடுது பாருங்க.”

“ஆத்து மீன் அரியற உங்களுக்குக் கடல் மீன் எப்படிம்மா தெரியும்?” என்று சிரித்தேன். அவர் என் மீனை அரிந்து தந்தார்.

பென்னாகரம் பேருந்தில் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அவர் சொன்னதே சரி. ஒன்று விஷ மீன். மற்றது அதன் வேடம் போட்ட வேறு மீன். உடனே, இரண்டும் வேறு வேறு மீன் என்று முக்குளிக்கும் நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் படங்களோடு போட்டேன்.

‘எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?’ என்று வியந்தார்கள்.

‘பழகிய கண்’ என்று எழுதினேன். யாருடைய கண் என்று இன்றுவரை எழுதவில்லை.