நாற்பது விநாடி ஓய்வு

"பொய்யா கீழே விழறவன் என் பசங்கள்ல எவனும் கிடையாது. கால் ஒடஞ்சாலும் நின்னுகிட்டேதான் சொல்லுவான்!"

வணிகர் சங்கத்து மதிய விருந்தில், வறுத்த கோழியைக் கையில் பிடித்தபடி, வெண்டல் ஸ்ட்ராட்மேன் இப்படி முழங்கினார். வேகமாக ஆடும் எதிரணியை நிறுத்த, தடுப்பாட்டக்காரன் ஒருவன் காலைப் பிடித்துக்கொண்டு சாய்வது எங்கள் கான்சாஸ் பக்கத்துக் கல்லூரிகளின் அமெரிக்கக் கால்பந்தில் சகஜம். நடுவர் விசில் ஊதுவார், மற்றவர்கள் தண்ணீர் குடிப்பார்கள். அந்த இழிவு எங்களிடம் இல்லை என்று ஊரே எழுந்து கைதட்டியது. மறுவாரமே தடுப்பணிப் பையன்கள் எல்லோருக்கும் "விழமாட்டோம்" என்று அச்சடித்த பனியன் வந்தது.

வெண்டலுக்கு ஐம்பத்தெட்டு வயது. தானிய லாரி ஓட்டியவர், பிறகு இருபத்தாறு வருடம் எங்கள் கல்லூரியின் தடுப்பணிக்குப் பயிற்சியாளர். அடுத்தடுத்து இரண்டு மனைவிகள் ஆட்டம் முடிந்து அவர் வீடு திரும்புவார் என்று காத்திருந்து, பிறகு காத்திருக்காமல் போனார்கள். இதை அவர் தியாகம் என்றார். நாங்களும் மறுக்கவில்லை.

இந்தத் தியாகத்தின் தலைமேல்தான் கோல்பி ராஸ்க் வந்து உட்கார்ந்தார். முப்பத்து நாலு வயதுத் தலைமைப் பயிற்சியாளர், வேகத்தின் தீர்க்கதரிசி. பந்துக்கான ஒரு மோதல் முடிந்து அடுத்ததைத் தொடங்க விதி நாற்பது விநாடி தருகிறது. ஒரே அணியில் பந்தோடு முன்னேறும் ஆட்கள் வேறு, தடுக்கும் ஆட்கள் வேறு; ராஸ்கின் தாக்கும் அணி பன்னிரண்டில் தொடங்கிவிடும். ஜெயித்தால் கண்கொள்ளாக் காட்சி. சொதப்பினால், மூன்று முயற்சியும் ஒரு நிமிடத்துக்குள் வீணாகிப் பந்து எதிரணிக்குப் போகும். அப்போதுதான் பெஞ்சில் உட்கார்ந்த தடுப்பணி, தண்ணீர் பாட்டிலின் மூடியைக்கூடத் திறக்காமல் மறுபடி மைதானத்துக்குள் ஓடும். ஜெயித்த ஆட்டங்கள் ராஸ்கின் வேகத்தால், தோற்றவை வெண்டலின் தடுப்பால் என்று கல்லூரி நியாயமாகப் பங்கு பிரித்தது.

"தம்பி, கொஞ்சம் நிதானமா ஆடச் சொல்லேன். என் பசங்க மூச்சு விடட்டும்."

"மூச்சு விடத்தான் சீசன் முடிஞ்சு பிப்ரவரி இருக்கே, பெருசு."

செப்டம்பர் சனிக்கிழமை. வெயில் தொண்ணூத்தொன்பது டிகிரி ஃபாரன்ஹீட். எங்கள் வேகத்தைப் பார்த்து எதிரணியும் அதே வேகத்தில் ஆடத் தொடங்கியிருந்தது. ஆள் மாற்ற இடைவெளியே இல்லை. தடுப்பணி எழுபத்தெட்டாவது மோதலுக்கு நின்றது.

அதன் நடுவில் ஓடெல் ப்ரூட். முந்நூற்றுப் பத்து பவுண்டு எடை, இருபத்தோரு வயது. ஆகஸ்ட் பயிற்சியில் வெயில் தாங்காமல் மயங்கி, இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தவன். "இன்னொரு தடவை இப்படி ஆனா புள்ள பொழைக்க மாட்டான்னு டாக்டர் சொல்றார். பாத்துக்கோங்க" என்று அவன் அம்மா போனில் அழுதாள். பார்த்துக்கொள்வதாக வெண்டல் வாக்குக் கொடுத்திருந்தார்.

இப்போது ஓடெலின் முகம் காய்ந்திருந்தது. ஒரு சொட்டு வியர்வை இல்லை. அணிவகுத்தபோது எதிரணிக்கு முதுகைக் காட்டி, சொந்த அணியைப் பார்த்து நின்றான். பக்கத்தில் இருந்தவன் தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டான்.

வெண்டல் ராஸ்கிடம் ஓடினார். பயிற்சியாளர்களில் இடைவேளை கேட்கும் உரிமை தலைமைப் பயிற்சியாளருக்கு மட்டும்தான்.

"டைம் அவுட் கேளு, தம்பி."

"மூணுதான் பாக்கி. கடைசி ரெண்டு நிமிஷத்துக்கு வேணும்."

"பையனுக்கு வேர்க்கவே இல்லப்பா."

"நல்லதுதானே. பழகிட்டான்."

வெண்டல் கோட்டோரம் வந்து கத்தினார். "ஓடெல்! உட்காருடா!" அவன் காதில் அது ஏறவே இல்லை. "எவனாவது கீழ விழுடா! யாராவது ஒருத்தன் கீழ விழுடா!"

பையன்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கிழவர் சோதித்துப் பார்க்கிறார் என்று புரிந்துகொண்டார்கள். மூலையில் நின்றவன் நெஞ்சில் அடித்துக்கொண்டான். "நாங்க விழமாட்டோம், கோச்!"

எழுபத்தொன்பதாவது மோதலில் ஓடெல் மண்டியிட்டு, பிறகு எழுந்தான். அடுத்ததற்கு எதிரணி ஏற்கெனவே குனிந்தாயிற்று.

வெண்டல் தொப்பியைக் கழற்றினார். கோட்டைத் தாண்டி மைதானத்துக்குள் நாலடி நடந்தார். முதலில் முட்டியை ஊன்றி, பிறகு கையை ஊன்றி, சத்தமில்லாமல் புல்லில் மல்லாந்து படுத்தார்.

நடுவர் விசில் ஊதினார். அரங்கம் எழுந்து நின்றது. பாதிரியார் ஒருவர் ஜெபத்தையே ஆரம்பித்துவிட்டார். முதலுதவி பார்க்கும் நீட்டா பையோடு ஓடி வந்தாள்.

"கோச்! நெஞ்சா? இடது கை வலிக்குதா?"

"என்னை விடு. ஓடெலை ஐஸ் தொட்டில போடு. ஓடும்மா!"

அவள் திரும்பிப் பார்த்தாள், ஓடினாள். பெஞ்சிலிருந்து ஆறு பேர் ஓடி வந்து ஓடெலைத் தூக்கினார்கள். அவன் கை தரையில் இழுபட்டது. மற்ற பத்துப் பேரும் நின்ற இடத்திலேயே சரிந்து, தலையில் தண்ணீரைக் கவிழ்த்துக்கொண்டார்கள்.

நடுவர் குனிந்தார். "எழுந்திருக்க முடியுமா சார்?"

வெண்டல் கண்ணைத் திறக்கவில்லை. "பையனை ஏத்திட்டு ஆம்புலன்ஸ் கிளம்பிடுச்சா?"

"இன்னும் இல்ல."

"அப்ப முடியாது."