காதர் பாஷாவின் பதினோரு வரிகள்

காதர் பாஷா அனுப்பியிருந்த நிரல் திருத்தத்தின் ஒன்பதாவது வடிவத்தைத் திரையில் வைத்துக்கொண்டு, அதற்கான அடுத்த கேள்வியைப் பாதிவரை தட்டியிருந்தேன். அரக்கோணத்திலிருந்து அவருடைய தம்பி சலீம் அழைத்தார். "அண்ணன் தவறிட்டாரு சார். காலைல டீ குடிச்சிகினே இருந்தாரு, அப்படியே சாஞ்சிட்டாரு." கூடவே, "உங்க பதில் வந்துச்சான்னு நேத்து கூட பாத்துகினு இருந்தாரு," என்றார்.

அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பாஷா பாய் அரக்கோணத்தில் கணினி பழுது பார்த்தவர். விசைத்தறிகளில் டிசைன் போடும் கணினிகள் சுற்றுவட்டாரத்திலிருந்து அவரிடம்தான் வரும். அவற்றில் சில ஒருநாள் ஓடும், மறுநாள் ஓடாது. மற்றவர்கள் கணினியையே மாற்றச் சொன்னார்கள். இவர் கெர்னலுக்குள், அதாவது இயங்குதளத்தின் அடிப்பகுதிக்குள், இறங்கித் தேடினார். கணினி எழும்போது உள்ளே செருகியிருக்கும் ஒவ்வொரு கார்டுக்கும் கெர்னல் தனித்தனி முகவரி ஒதுக்க வேண்டும். சில வேளைகளில் அது இரண்டு கார்டுகளுக்கு ஒரே முகவரியைக் கொடுத்துவிடுகிறது என்று கண்டுபிடித்து, பதினோரு வரிகளில் சரிசெய்தார். அந்த வரிகள் கெர்னலிலேயே சேராதவரை ஒவ்வொரு அப்டேட்டும் அவற்றை அழித்துவிடும். அவர் மறுபடி தறி தறியாகப் போய் ஏற்ற வேண்டும்.

பல நாட்டவர் சேர்ந்து எழுதும் அந்தக் கெர்னலில், இந்தப் பகுதிக்கு வரும் திருத்தங்களைப் பரிசீலிப்பவர்களில் நானும் ஒருவன். சரியென்றால் அடியில் நம் பெயரை எழுத வேண்டும். பின்னால் ஏதேனும் உடைந்தால் அந்தப் பெயரையும் கேட்பார்கள். பல ஆண்டுகளுக்கு முன் நான் பெயர் எழுதிய ஒரு திருத்தம் பலருடைய கணினிகளை எழவிடாமல் செய்தது. அதிலிருந்து, பெயர் எழுதுவதைவிடக் கேள்வி கேட்பது எனக்கு எளிதாகிவிட்டது. என் ஒவ்வொரு கேள்விக்கும் பாஷா பாய் திருத்தத்தை மாற்றிப் புதிய வடிவமாக அனுப்ப வேண்டியிருந்தது.

பரிசீலிப்பவன் திருத்தணிக்காரன் என்று தெரிந்ததும், ஐந்தாவது வடிவத்தின்போது அவர் நேரிலேயே வந்துவிட்டார். அன்று கிருத்திகை. காவடிக் கூட்டத்தில் நசுங்கி, பையில் இரண்டு கார்டுகளோடு வந்து சேர்ந்தார்.

"பொண்ணு பாக்க வர்றவங்க கூட மூணாவது தபாவுல சொல்லிடுவாங்க சார்," என்று சிரித்தார். நிரலில் ஒரு மாறியின் பெயர் தெளிவாக இல்லை என்றேன். சிரிப்பு நின்றது.

"தப்புன்னா சொல்லுங்க, திருத்திட்றேன். சரின்னா சரின்னு சொல்லிடுங்க. ரெண்டும் இல்லாம கேட்டுகினே இருந்தா நான் இன்னா பண்றது?"

என் பழைய தவறைச் சொன்னேன்.

"அதான் வாபஸ் வாங்கிகினாங்களே. அதுல யாரு செத்தாங்க?"

நீங்களே போட்டுப் பாருங்கள் என்று கார்டுகளை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். சொன்னபடி பெயரை மாற்றி அனுப்பினார். நான் வேறொன்று கேட்டேன். கார்டுகளைத் தொடவில்லை.

அடக்கத்துக்குப் போய்த் திரும்பியதும் ஒன்பது வடிவங்களையும் அச்செடுத்து வரிசையாக வைத்துப் பார்த்தேன். அந்தப் பதினோரு வரிகளின் வேலை முதல் வடிவத்தில் இருந்தபடியே இருந்தது. நான் மாற்றவைத்தவை பெயர்கள், இடைவெளிகள், குறிப்புகள். இதை எழுதும்போதும் என்மீது எரிச்சல் அடங்கவில்லை. கவனம் என்று நான் சொல்லிக்கொண்டது வெறும் பயம்.

தட்டிவைத்திருந்த கேள்வியை அழித்து, என் பெயரை எழுதி அனுப்பினேன். கெர்னலின் இந்தப் பகுதிக்குப் பொறுப்பானவரிடமிருந்து பதில் வந்தது: எழுதியவர் இல்லாத நிலையில், உடைந்தால் யார் பார்ப்பது? நியாயமான கேள்வி. அவர் இடத்தில் இருந்தால் நானும் கேட்டிருப்பேன். "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று எழுதினேன். நேற்று அந்த வரிகளைக் கெர்னலில் சேர்த்துக்கொண்டார்கள்.

இன்று காலை அவர் விட்டுப்போன இரண்டு கார்டுகளையும், புதிய கெர்னலை ஏற்றிய என் கணினியில் செருகினேன். பத்து முறை அணைத்து எழுப்பினேன். பத்து முறையும், கார்டு வேலை செய்வதைக் காட்டும் பச்சை விளக்கு இரண்டிலும் எரிந்தது.

சரியாக இருக்கிறது பாய். போய் வாருங்கள்.