கொதித்தாறிய தண்ணீரில் போட்ட ஐஸ்

கொட்டாஞ்சேனை மண்டபமொன்றில் இடம்பெயர்ந்த குடும்பங்கள் வெக்கையில் புழுங்குவதைக் கண்டபோதுதான், எல்லோருக்கும் சர்பத் கொடுக்கலாமென்று எனக்குத் தோன்றியது. ஊரில் வாந்திபேதி பரவியிருந்த நேரம். அதனால் சுகாதாரப் பரிசோதகர் சொன்னபடியே தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டேன். கோப்பைகளையும் வெந்நீரில் கழுவினேன். பிறகு, குளிர்ச்சி போதாதென்று மீன் சந்தையில் ஐஸ்கட்டி வாங்கிப் போட்டேன்.

இரண்டு நாளில் பலர் ஆஸ்பத்திரியில்.

“ஐஸையும் காய்ச்சினனீங்களோ, தங்கச்சி?” என்று கேட்டார் பரிசோதகர்.

மற்றவர்கள் பிழைத்தார்கள். நான்கு வயதுப் பிள்ளையொன்று பிழைக்கவில்லை.

“ரெண்டாந்தரமும் கேட்டு வாங்கிக் குடிச்சவன்,” என்றார் அவன் தாய். என்னை ஏசவில்லை.

இப்போது நான் எங்கும் ஐஸ் போடுவதில்லை, போடவும் விடுவதில்லை. நாளை அதே மண்டபத்துக்குக் கொதித்தாறிய தண்ணீர் மட்டும் கொண்டுபோகிறேன். என் கையால் யாராவது வாங்குவார்களோ தெரியாது.