ஆடாத பத்மினி

போன மாதம் தாராவியில் காசிம் பாயின் கார் சாமான் கடை வாசலில் நின்று ஒரு ரப்பர் கட்டையை மோந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இன்ஜினியரிங் படித்து, ஐரோலியில் குளுகுளு அறையில் உத்தியோகம் பார்க்கிற ஆள். உங்களுக்குச் சிரிப்பு வரும், வரட்டும். ரப்பர் நெடி மூக்கில் ஏறியதும் எனக்குச் செம்பூரும் புதன்கிழமையும் ஞாபகம் வந்துவிட்டன.

காரின் இன்ஜின் இந்த மாதிரிக் கட்டைகள் மேல்தான் உட்கார்ந்திருக்கும். அது ஆடுகிற ஆட்டத்தை ரப்பர் வாங்கிக்கொள்ளும், நம் மேல் ஏறாது. பம்பாய் கேரேஜ்களில் இதற்கு ஃபவுண்டேஷன் என்று பேர். அப்பாவின் பத்மினி காரில் அது எனக்கு விவரம் தெரிவதற்கு முன்பே செத்துப்போயிருந்தது. புதன்கிழமை நவநாள் ஜெபத்துக்குச் செம்பூரிலிருந்து மாஹிம் மாதா கோயிலுக்குப் போவோம். சிக்னலில் நின்றால் போதும், கதவு ஆடும், கண்ணாடி ஆடும், பின்சீட்டில் என் கன்னமும் அக்கா கன்னமும் ஆடும். அந்தச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவள் கிள்ளினால் கத்திக்கூடப் பிரயோசனம் இல்லை.

முன்சீட்டில் அம்மா. கையில் ஜெபமாலை. வீட்டை விட்டுக் கிளம்பினதிலிருந்து கோயில் வாசல் வரைக்கும் உதடு அசைந்துகொண்டே இருக்கும். இவ்வளவு பக்தியா என்று எங்களுக்கே பயமாக இருக்கும். அப்பாவின் அக்காவான பெரியத்தை எப்போதாவது வண்டியில் ஏறினால், தம்பி பெண்டாட்டி வாய் ஓயாமல் ஜெபிக்கிறாள் என்று ஊரெல்லாம் சொல்வாள். அப்பா எதையும் கவனிக்காமல், ரேஷன் வரிசையில் நிற்கிறவர் முகத்தோடு ஓட்டுவார். ரப்பரை மாற்றச் சொல்லாத மெக்கானிக் கிடையாது. “ஓடுதுல்லா?” என்பதோடு பேச்சை முடித்துவிடுவார். மகா கஞ்சன் என்று நாங்கள் தீர்ப்பு எழுதி வைத்திருந்தோம்.

அப்பா போன பிறகு அம்மா வாஷியில் என்னோடு இருக்கிறாள். இருக்கிறாள் என்றுதான் சொல்ல வேண்டும். பேச்சு இல்லை, வெளியே வருவதில்லை, ஜன்னல் பக்கத்து நாற்காலியே கதி. போனைத் தட்டினால் வாசலுக்கு வருகிற ஏசி கார்களை ஊரான் வண்டி என்று ஒதுக்கிவிட்டாள். ஒருநாள் ரொம்பக் கெஞ்சினபோது, “ஒங்கப்பா வண்டின்னா வாரேன்” என்றாள். அது போதாதா எனக்கு?

உறை போட்டுக் கிடந்த பத்மினியைக் கிளப்புவதற்காக உடனே பழைய கார் வைத்திருப்பவர்களின் வாட்ஸாப் குழு ஒன்றில் சேர்ந்தேன். அங்கே இருக்கிற கனவான்கள் காரைத் துடைத்து, லாரியில் ஏற்றிக் கண்காட்சிக்குக் கொண்டுபோய், பக்கத்தில் நின்று படம் எடுத்து, திரும்ப லாரியிலேயே வீட்டுக்குக் கொண்டுவருவார்கள். ரோட்டில் ஒருவரும் ஓட்டுவதில்லை. ஆனால் கெட்டியான சிவப்புக் கட்டை போட்டால்தான் ரோட்டை உணர முடியும் என்று அத்தனை பேரும் அடித்துச் சொன்னார்கள். மும்பை ரோட்டை உணரவில்லை என்று எந்தப் புண்ணியவான் அழுதான்?

காசிம் பாய் கடையில் எல்லாமே ஒரிஜினல். ஒன்றைத் தொட்டால் ஒரிஜினல் என்பார், பக்கத்தில் இருப்பதைத் தொட்டால் அதைவிட ஒரிஜினல் என்பார். யார் உட்காரப் போகிறார்கள் என்று கேட்டார். அம்மா என்றேன். “அப்பம் மெத்துன்னு உள்ளதப் போடும் அண்ணாச்சி. டென்ஷன் நக்கோ, கவலய விடும்” என்றார். மெத்தென்று உள்ளதையே போட்டேன்.

புதன்கிழமை கிளம்பினோம். வாஷி பாலத்தில் வண்டி வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு போனது. எனக்குத் தலைகால் புரியவில்லை. மான்கூர்ட் சிக்னலில் நின்றபோது இன்ஜின் ஓடுகிறதா என்றே சந்தேகம். அம்மாவின் உதடு அசைய ஆரம்பித்தது. எத்தனை வருஷம் கழித்து! கூடவே சத்தமும் வந்தது.

“எங்கம்மா குடுத்துவிட்ட முறுக்கு கல்லு மாரி இருக்குன்னாளே ஒங்கக்கா, இப்பம் அவளுக்குப் பல்லு இருக்கா? அன்னைக்கு நீங்க வாயத் தொறந்தீங்களா?”

பெரியத்தையில் தொடங்கி, அப்பா வழியில் ஒரு தலையும் தப்பவில்லை. நடுநடுவே ஸ்டியரிங் பக்கம் திரும்பி அப்பாவுக்கும் தனியாக விழுந்தது. அத்தனை புதன்கிழமைகளாக நாங்கள் கண்டு பயந்த பக்தி இதுதான். நான் பக்கென்று சிரித்துவிட்டேன். அம்மா என்னைப் பார்த்தாள், பிறகு சத்தமே போடாத இன்ஜின் பக்கம் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள். கோயிலுக்குப் போய்த் திரும்பி வருகிற வரைக்கும் ஒரு வார்த்தை இல்லை. மறு புதனும் இல்லை. அவளுக்கு அந்தப் பழைய இரைச்சல்தான் வேண்டும் என்று எனக்குப் பட்டது.

திரும்ப காசிம் பாயிடம் போய், இருப்பதிலேயே கெட்டியானதைக் கேட்டேன். “காசு குடுத்து ஆட்டத்த வாங்குதீரு” என்று சொல்லிக்கொண்டே மாட்டிவிட்டார். அது வேறு ஒரிஜினலாம்.

நேற்று மறுபடி கிளம்பினோம். மான்கூர்டில் கதவு ஆடியது, கண்ணாடி ஆடியது, என் கன்னமும் ஆடியது, இப்போது அதில் சதை வேறு கூடுதல். அம்மாவின் உதடு மட்டும் அசையவில்லை. ஜெபமாலையைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். பொறுக்க முடியாமல், பேசும்மா, இந்தச் சத்தத்தில் எனக்கு ஒன்றும் கேட்காது என்று கத்தினேன்.

அம்மா என் காதுப்பக்கம் குனிந்தாள்.

“ஒங்கப்பாவுக்கு எல்லாம் கேட்டுச்சுய்யா. கேக்காத மாரி ஓட்டுனாரு. ஒனக்கு அந்த மொகம் கெடையாது.”

சிக்னலில் பச்சை விழுந்தது. ரேஷன் வரிசையில் நிற்கிறவன் மாதிரி முகத்தை வைத்துப் பார்த்தேன், வரவில்லை. அந்த முகத்துக்குக் காசிம் பாய் கடையில் டூப்ளிகேட்கூடக் கிடைக்காது.