கடலுக்குள் நின்ற லாரிகள்

ஓய்வு பெற்ற பிறகு நான் தோல்விகளைப் பற்றி மட்டுமே படிக்கிறேன். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் ஆயுளைக் கழித்தவனுக்கு வெற்றியில் சுவாரசியம் கிடையாது. ஜெயித்தவனிடம் யாரும் விளக்கம் கேட்பதில்லை. பின்வாங்கும் படையில்தான் நிர்வாகம் இருக்கிறது: யார் உத்தரவிட்டது, அது எப்போது வந்து சேர்ந்தது, எதை எடுத்துப்போவது, எதை விட்டுவிடுவது.

சென்ற கோடையில் படித்தது, இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி பிரான்சுக்குள் புகுந்த கதை. டாங்கி வரவே முடியாது என்று தளபதிகள் எழுதி மூடிவைத்த காட்டு வழியாகவே டாங்கிகள் வந்தன. பெல்ஜியத்துக்குள் முன்னேறிப் போயிருந்த பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகளின் முதுகுக்குப் பின்னால் ஓடிச் சில நாட்களில் கடலைத் தொட்டன. ஓர் ஊரைப் பிடித்து வைத்திருக்கச் சொல்லும் உத்தரவு, அந்த ஊர் கைவிட்டுப் போன பிறகு வந்து சேர்ந்தது. எங்கள் அலுவலகச் சுற்றறிக்கைகளும் அப்படித்தான் வரும். எங்களை யாரும் சுடவில்லை, அவ்வளவுதான்.

இதையெல்லாம் நான் சொல்லக் கேட்டவர் ஒருவர்தான். வெண்ணந்தூரில் என் வீட்டை ஒட்டிய காலி மனையில் தன் ஒற்றை லாரியை நிறுத்தியிருந்தவர். ஓட்டமில்லாத வண்டியைத் தினமும் சாயங்காலம் பத்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைப்பார். புகை நேராக என் ஹாலுக்கு வரும். ஆட்சேபிக்கப் போனது, அவர் என் வாசலில் நாற்காலி போட்டு உட்காரும் அளவுக்குப் பழக்கமாகிவிட்டது.

லாரிக்கு வயதாகிவிட்டது. தகுதிச் சான்று அந்த மாதக் கடைசியில் முடிகிறது; மறுபடி சோதனைக்குக் கொண்டுபோனால் தேறாது என்பது இருவருக்கும் தெரியும். மனைக்காரரும் அஸ்திவாரம் தோண்டப்போகிறார். அதற்குள் ஒப்படைப்புப் படிவத்தில் கையெழுத்துப் போட்டால், அவரே ஓட்டிப்போய் வண்டி உடைக்கும் யார்டில் விடலாம். தேதி தாண்டினால் ரோட்டில் ஓட்டக்கூடாது, கிரேன் கட்டி இழுத்துத்தான் போகவேண்டும். தன் வண்டி இன்னொரு வண்டியின் பின்னால் தொங்கிக்கொண்டு போவதை ஊர் பார்ப்பது அவருக்கு ஆகாது. கையெழுத்தும் ஆகாது. நான் பூர்த்தி செய்து கொடுத்த படிவம் அவர் சட்டைப் பையில் மடிந்தே கிடந்தது.

“சார், அந்தப் பட்டாளம் எங்க வந்து நிக்குதுங்க?” என்றார் ஒருநாள்.

“பிரிட்டிஷ்காரங்க பின்வாங்கிக் கடலோரத்துக்கு வந்துட்டாங்க. ஊருக்குத் திரும்பற கப்பல்ல ஆளுக்குத்தான் எடம். லாரிக்கு இல்லீங்க.”

“அப்பறம் லாரிய என்ன பண்ணுனாங்க?”

புத்தகத்தில் இருந்ததைச் சொன்னேன். எதிரிக்கு உதவக்கூடாதென்று ஆயிலையும் தண்ணீரையும் வடித்துவிட்டு, இஞ்சின் ஜாம் ஆகும்வரை ஆக்சிலேட்டரை மிதித்து ஓடவிட்டார்கள்.

“ஓடற இஞ்சின்ல ஆயில வடிச்சா?”

“ஆமாங்க.”

“ஓட்டுன டிரைவரேவா?”

“பல எடத்துல அவங்கதான்.”

“அவனெல்லாம் ஒரு டிரைவரு! போங்க சார், நீங்களும் உங்க பொஸ்தகமும்.”

மூன்று நாள் வரவில்லை. புகையும் இல்லை. நான் கேட்டது அதைத்தான் என்றாலும், காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாதம் முடிய ஐந்து நாள்.

நான்காம் நாள் வந்து, வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டு கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். உட்காரவில்லை.

“அந்தப் பாவிங்க என்னங்க ஆனாங்க?”

அதற்குள் நான் அடுத்த அத்தியாயத்துக்குப் போயிருந்தேன். கரையோரம் ஆழமில்லாததால் பெரிய கப்பல்கள் கிட்டே வரமுடியவில்லை. அதனால் கடல் உள்வாங்கிய நேரத்தில் கொஞ்சம் லாரிகளைக் கடலுக்குள் ஓட்டி, ஒன்றையடுத்து ஒன்றாக நிறுத்தி, மேலே பலகை போட்டார்கள். தண்ணீர் ஏறியதும் சிப்பாய்கள் அதன்மேல் நடந்துபோய்ப் படகேறினார்கள்.

“வரிசையாவா நிறுத்துனாங்க?”

“வரிசையாத்தான்.”

“மேல ஆளு நடந்து போயித் தப்பிச்சாங்களா?”

“ஆமாங்க. ஆனா அத்தன வண்டியையும் கணக்குலேருந்து கழிவு செஞ்சதுக்கு ஒரு உத்தரவுகூட இருந்த மாதிரி தெரியல.”

“உங்களுக்கு உங்க கவல.” சிரித்தார். கொஞ்ச நேரம் தன் லாரியைப் பார்த்தார். “அப்ப கடேசி வரைக்கும் லோடு ஏத்தியிருக்குது.”

பிறகு படிவத்தை எடுத்தார். “பேனா குடுங்க.”

டீசல் போய்ச்சேரும் அளவுக்கு இருந்தால் போதும், வேறு எதுவும் செலவு செய்யவேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன். எல்லாவற்றுக்கும் “சரிங்க” என்றார்.

இரண்டு நாள் கழித்து, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டுப் புறப்பட்டோம். சாட்சிக் கையெழுத்துக்காக நானும் கேபினில் ஏறியிருந்தேன். வழியில் ஒரு வண்டியையும் அவர் முந்தவில்லை. யார்டுக்குள் நிறுத்தி, சாவியை உருவிக்கொண்டு இறங்கினார்.

அங்கே முதல் வேலை, வண்டியிலிருக்கும் எண்ணெய்களை எல்லாம் வடிப்பது. மெக்கானிக் அடியில் தட்டை வைத்து நட்டைக் கழற்றினார். கறுப்பாக வரவேண்டியது தேன் நிறத்தில் ஒழுகியது.

“ஏனுங்க, புது ஆயிலால்ல இருக்குது? ஒடைக்கப் போற வண்டிக்கு ஆராச்சும் ஆயில் மாத்துவாங்களா?”

“நேத்துத்தான் மாத்துனனுங்க. தூரமா ஓடி வரோணுமில்ல.”

“எங்கிருந்துங்க வாரீங்க?”

“வெண்ணந்தூர்.”

வெண்ணந்தூரிலிருந்து அந்த யார்டுக்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது. மெக்கானிக் என்னைப் பார்த்தார். நான் படிவத்தைப் பார்த்தேன்.

“இஞ்சின் நின்னுருச்சான்னு பாத்துட்டுத்தான கழட்டுனீங்க?” என்று கேட்டார் லாரிக்காரர்.

“அதெப்படிங்க ஓடும்? சாவி உங்க கையிலதான இருக்குது.”

அவர் கையை விரித்துப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

ஒப்படைக்கவேண்டிய பொருட்களின் பட்டியலில் சாவியும் உண்டு. யாரும் கேட்கவில்லை. நானும் நினைவுபடுத்தாமல் சாட்சிக் கையெழுத்தைப் போட்டேன். இருவரும் பஸ் ஏறி வந்தோம்.