புக்கான் மஸ்தாவுத்தின்

"ஷாஹுல்!" என்று யாராவது கூப்பிட்டால் ஷாஹுல் ஹமீது திரும்பிப் பார்க்க மாட்டார். கையிலிருக்கும் ஸ்பேனரை நிறுத்துவார். "எந்த ஷாஹுல்?" என்று சுவரைப் பார்த்தபடியே கேட்பார். கூப்பிட்டவரையும் அவரையும் தவிர அங்கே ஈ காக்கை இல்லாத நேரத்திலும் இதே கேள்விதான். "பெரிய ஃபிரிட்ஜு ஷாஹுல்" என்று பதில் வந்த பிறகே முழு உடம்போடு திரும்பி, "சொல்லு பாஸ்" என்பார்.

மலேசியாவில், தெலுக் பங்லிமா காராங்கில் மீனை உறைய வைத்திருக்கும் ஒரு குளிர்கிடங்கில் அவர் டெக்னீஷியன். தொண்டியிலிருந்து வேலை பெர்மிட்டில் வந்து எட்டு வருடமாகிறது. கிள்ளானில் ஓர் அறை, போக வர ஒரு மோட்டார் சைக்கிள். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும்போது உள்ளே கம்பளிக் கோட்டும் குல்லாயுமாக நடமாடுவார். சாப்பிட வெளியே வந்தாலும் குல்லாய் தலையை விட்டு இறங்காது. கேட்டால், "போட்டு கழட்டி, போட்டு கழட்டி, தலைக்கு கன்ஃப்யூஸ் ஆயிடும் லா" என்பார்.

அந்த 'எந்த'வுக்கு நியாயம் இல்லாமல் இல்லை. அவர் பிறந்த தெருவில் கல்லை விட்டெறிந்தால் அது ஏதாவது ஒரு ஷாஹுல் ஹமீது மேல்தான் விழும். கம்பெனியிலோ மூன்று பேர். லோரி ஓட்டுகிறவர் ஒருவர், காப்பார் கிளையில் ஒருவர், அப்புறம் இவர். ஒருமுறை மருத்துவப் பரிசோதனையில் இவருக்குச் சர்க்கரை என்று தாள் வந்துவிட்டது. மனிதர் அழாத குறையாகத் தே தாரேக் என்ற பால் டீயை விட்டார். நோன்பு மாதம் முழுக்கப் பேரீச்சம்பழத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுவிட்டு வெறும் தண்ணீரில் நோன்பு திறந்தார். பிறகுதான் தெரிந்தது, அது காப்பார் ஷாஹுலின் ரத்தமாம். அந்தப் புண்ணியவான் அதுவரை சர்க்கரைப் பாகு ஊற்றிய ஐஸ் கச்சாங் தின்றுகொண்டு ஜம்மென்று இருந்திருக்கிறார். இந்த நாட்டில் இவர் முதலில் கற்றுக்கொண்ட மலாய் வாக்கியமே 'புக்கான் சாயா'. அதாவது, நான் இல்லை.

இப்படிப்பட்டவர் கையில் போய் வருமான வரி மென்பொருளைக் கொடுத்தார்கள். வழக்கமாகக் கணக்குப் பிரிவு வெரோனிகா எல்லோருக்கும் நிரப்பித் தருவார். இந்த வருடம் கம்பெனி எதையோ வாங்கி, அவரவர் போனில் அவரவரே செய்துகொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டது. "எந்த மொழி?" என்று அது கேட்டது. ஷாஹுல் யோசிக்காமல் மலாயைத் தட்டினார். "இங்கிலீஷு மேனேஜர் மாதிரி. பகாசா மலாயுன்னா கூட வேலை செய்றவன் மாதிரி" என்பது அவர் கட்சி.

பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் ஒழுங்காகப் போயின. அடுத்த திரையில் இரண்டு கட்டங்கள். ஒன்றில் 'மஸ்தாவுத்தின்', மற்றதில் 'புக்கான் மஸ்தாவுத்தின்'.

ஷாஹுலுக்குச் சுர்ரென்று ஏறியது. "பாத்தியா! இதுலயும் வேற ஆளைக் கொண்டாந்து சொருகிட்டான்!" நிஜாமுத்தீனைத் தெரியும், ஷம்சுத்தீனைத் தெரியும். யார் இந்த மஸ்தாவுத்தின்? யாராயிருந்தால் என்ன, அவன் வரியை அவன் கட்டட்டும். 'புக்கான்' கட்டத்தில் ஓங்கி ஒரு குத்து குத்தினார்.

அவ்வளவுதான், அதன் கீழே மனைவி, பிள்ளை என்று வரிக்கழிவுக்கு இருந்த கட்டங்கள் மாயமாயின. அடியில் வரித் தொகை முப்பது சதவீதக் கணக்கில் எகிறி நின்றது. மனைவி ருக்கையாவும் மகள் நஸ்ரினும் பள்ளி விடுமுறைக்கு முதல் தடவையாக வருவதாக ஏற்பாடு. நஸ்ரினுக்கு இரட்டைக் கோபுரமெல்லாம் வேண்டாம். வாப்பாவின் பெரிய ஃபிரிட்ஜுக்குள் போய் வாயால் புகை விட வேண்டும். டிக்கெட்டுக்கென்று சேர்த்ததையும் தாண்டி நின்றது அந்தத் தொகை.

ஊருக்குப் போன் போட்டார்.

"புள்ள, டிக்கெட்டு வேணாம்."

"ஏன் மச்சான்?"

"இங்க உன்னையும் நஸ்ரினையும் காணோம். கட்டத்தையே தூக்கிட்டான். நான் மஸ்தாவுத்தின் இல்லேன்னு உண்மையைச் சொன்னதுக்கு!"

"யாரு அது? அந்தாளுக்குப் பொண்டாட்டி புள்ளை இருக்கா?"

"இருக்கும் போல. அவனுக்குத்தான் கட்டம் காட்டுது."

"அப்ப அவனாவே இருந்துட்டுப் போங்களேன்!"

"அடி ஆத்தீ! அவனுக்குச் சர்க்கரை இருந்தா அதையும் நானா சுமக்குறது?"

ருக்கையா சிரிக்கவில்லை. நஸ்ரின் ஸ்வெட்டர் வாங்கிவிட்டாள், அதைப் போட்டுக்கொண்டுதான் தூங்குகிறாள் என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் மதியம் வெரோனிகாவின் மேசை முன்னால் போனை நீட்டிக்கொண்டு நின்றார். "அக்கா, இந்த மஸ்தாவுத்தின் யாரு? காப்பார் கிளையா?"

வெரோனிகா திரையைப் பார்த்தார். பார்த்துவிட்டுச் சிரித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்து டிஷ்யூவைத் தேடினார். "அலாமாக்! அது ஆள் பேரு இல்ல லா, ஷாஹுல். இங்கேயே தங்கி இருக்கிறவன்னு அர்த்தம். ரெசிடென்ட்."

"ரெசிடென்ட்டுன்னா நிரந்தரமா தங்குற பி.ஆர். ஆச்சே? எங்கிட்ட அந்த செவப்பு ஐ.சி. அட்டை இல்லையேக்கா. பொய் சொன்னா பெர்மிட்ட புடுங்கிருவான்."

"வரிக்கு ஐ.சி. கலர்லாம் பாக்க மாட்டாங்க. வருஷத்துல பாதிக்கு மேல இங்க இருந்தா போதும். நீ போன வருஷம் ஊருப் பக்கமே போகலையே?"

ஷாஹுல் குல்லாயைத் தடவிக்கொண்டார்.

"அப்ப, நான்தான் அவனா?"

"நீதான் லா அவன்."

திரையைக் கால்சட்டையில் துடைத்தார். பிஸ்மில்லா சொல்லி, மற்ற கட்டத்தை மெதுவாகத் தொட்டார். மனைவி வந்தாள், பிள்ளை வந்தாள். தொகை சரசரவென்று இறங்கி ஒரு மோட்டார் டயர் விலைக்கு வந்து நின்றது. மனைவி பெயரை எழுத்துக் கூட்டி உரக்கச் சொல்லிக்கொண்டே தட்டினார். அக்கம்பக்கத்து மேசைகளுக்கெல்லாம் ருக்கையாவின் ஸ்பெல்லிங் பாடமாகிவிட்டது.

கிளம்பும்போது நின்றார். "எட்டு வருஷமா எல்லா கவருமெண்டு கடுதாசியிலயும் எப்பத் திரும்பிப் போவன்னுதான்க்கா கேட்டான். இங்க இருக்கிறவன்னு இதுல மட்டுந்தான் போட்டிருக்கு." வெரோனிகா சிரிப்பை நிறுத்திவிட்டு டிஷ்யூ பெட்டியை அவர் பக்கம் தள்ளினார்.

கணக்குப் பிரிவில் எந்த ரகசியம் தங்கியிருக்கிறது? சாயங்காலத் தேநீருக்கு முன்பே போர்க்லிஃப்ட் ஓட்டும் லெஸ்லியின் காதுக்குச் செய்தி போய்விட்டது. ஷாஹுல் கிடங்கின் கோடியில், இயந்திரத்துக்குள் பாதி உடம்பை நுழைத்து முடுக்கிக்கொண்டிருந்தார். லெஸ்லி வாசலில் வண்டியை நிறுத்தி, இரண்டு கையையும் வாயருகே குவித்துக் கத்தினார்.

"ஓய், மஸ்தாவுத்தின்!"

ஷாஹுல் ஹமீது சட்டென்று முழு உடம்போடு திரும்பி, ஸ்பேனர் பிடித்த கையை உயரே தூக்கினார். "சொல்லு பாஸ்!"