மிதி, பிடி, விடு

ஒத்தக்கையின் பட்டறையைத் தேடி வருகிற புது ஆட்கள் முதலில் ஏமாந்துதான் போவார்கள். பெயரைக் கேட்டுவிட்டு, ஒரு கை இல்லாத மனிதர் எப்படித்தான் பழைய கார்களைப் பிரித்துப் பூட்டுகிறார் என்று பார்க்கும் ஆசையோடு வருவார்கள். வந்து நின்றால், காருக்கு அடியிலிருந்து முழங்கை வரை கிரீஸ் பூசிய இரண்டு கைகள் வெளியே வரும்.

"ரெண்டு கையும் இருக்கே?"

"இருக்கு. ரெண்டும் என்னோடதுதான். வேற யாரு கையும் இங்க கிடையாது" என்பார். அதற்கு மேல் விளக்கம் கிடைக்காது.

கார் வாங்கத் தொடங்கிய பதினைந்து வயதில் இந்தப் பட்டப்பெயர் இல்லை. அவர் என்று மரியாதையாகச் சொல்வதற்கும் ஆள் இல்லை. ஆகவே அந்தக் காலத்துக்கு அவன் என்றே வைத்துக்கொள்வோம்.

அவன் வீட்டில் பகலில் சத்தம் கூடாது. அப்பா ஒரு குளிர்பதனக் கிடங்கில் இரவுக் காவல். விடிந்த பின் வந்து, காலுறைகளைச் சன்னல் கம்பியில் காயப்போட்டுவிட்டுப் படுத்தால் வெயில் சாய்ந்த பிறகுதான் எழுவார். அம்மா அவனுக்கு நினைவு தெரிவதற்கு முன்பே போய்விட்டாள். அண்ணன் லாரி ஓட்டுநர்; வீட்டுக்கு வருவது விருந்தாளி மாதிரி. ஆக, பகல் முழுக்க ஒருவர் தூங்க, இன்னொருவன் அந்தத் தூக்கம் கலையாமல் பார்த்துக்கொண்டு வளர்ந்தான். கதவு கிறீச்சிடாமல் இருக்கக் கீலுக்கு எண்ணெய் விட்டதுதான் அவன் வாழ்க்கையில் செய்த முதல் பழுதுபார்ப்பு.

வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. அதில்தான் கார்கள் வந்து சேர்ந்தன. காலையில் செய்தித்தாள் போட்டும், விடுமுறையில் வண்டி கழுவியும் சேர்த்ததைக் கொண்டு, பழைய இரும்புக் கடையிலிருந்து ஒரு குட்டிக் காரை எடைக்கு வாங்கினான். அதன் தரைத் தகடு துருப்பிடித்து உதிர்ந்திருந்தது. "உள்ள உக்காந்தா கால் ரோட்டுல படும். பெட்ரோல் தீர்ந்தாலும் கவலையில்ல, தள்ளிக்கிட்டே போயிடலாம்" என்று சிரித்தார் கடைக்காரர்.

அவனுக்குச் சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை. பிரித்த சாமானைப் பிரித்த வரிசையிலேயே பழைய போர்வை மேல் அடுக்குவான். திரும்பப் பூட்டும்போது கடைசியில் இருப்பதிலிருந்து தொடங்குவான். போர்வை எதற்கென்றால், இரும்பு சிமெண்டுத் தரையில் பட்டால் ஒலிக்கும். ஸ்பேனர்களின் நடுவில் துணி சுற்றியிருந்தான். சுத்தியலை நேராக இரும்பில் அடிக்க மாட்டான், இடையில் மரக்கட்டை வைப்பான். எஞ்சினை எழுப்பிப் பார்க்கும் வேலைகளை எல்லாம் அப்பா வேலைக்குக் கிளம்பிய பிறகு, தெருவில் விளக்கு போடும் நேரத்துக்கு ஒத்திவைப்பான்.

குட்டிக் காரை ஒரு பள்ளி வேன் ஓட்டுநர் வாங்கிக்கொண்டு போனார். அந்தக் காசில் வந்த அடுத்த காரை ஒரு பேக்கரிக்காரர் வாங்கினார். வாசலில் நின்று, அது தெருமுனை திரும்புவதைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தபோது கொட்டகை ரொம்பப் பெரியதாகத் தெரிந்தது. ஓடத் தொடங்கிய வண்டி அவனிடம் தங்காது. ஓடாத வண்டிதான் அவனோடு இருக்கும். அடுத்து வருவதை விற்கப் போவதில்லை என்று அன்றைக்கு முடிவு செய்தான்.

அது அச்சகத்தின் பின்புறம் கிடந்தது. வட்ட முகப்பு விளக்குகள், ஸ்டீயரிங்கை ஒட்டியே கியர், முன்னால் பஸ்ஸில் இருப்பது போல ஒரே நீளமான சீட்டு. அச்சகக்காரர் அதைக் குப்பைக் கிடங்காக வைத்திருந்தார். "உள்ள இருக்கிற காகிதத்தையும் சேர்த்து அள்ளிட்டுப் போறதா இருந்தா, இரும்பு விலைக்கு எடுத்துக்கப்பா" என்றார். உள்ளே முழுக்கத் தப்பாக அச்சான காலண்டர்கள். ஜூன் இரண்டு தடவை வரும், ஜூலை வரவே வராது. அதில் ஒன்றைக் கொட்டகைச் சுவரில் மாட்டினான். பேக்கரிக்காரர் தன் காரில் கயிறு கட்டி வண்டியை மேட்டின் மேல் இழுத்து விட்டுப் போனார்.

மேடு என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். வீட்டிலிருந்து பெரிய தெருவுக்குப் போகிற சந்து செங்குத்தாக இறங்கும். இறக்கம் முடிகிற இடத்தில், தெருவுக்கு எதிர்ப்புறம், கண்ணாடிக் கடை.

ஒரு வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தான். எஞ்சின் வந்தது, கியர் வந்தது, விளக்குகள் எரிந்தன. அப்போது வீட்டுக்காரர் வந்தார். கொட்டகை இருக்கும் இடத்தில் மாடிப்படி வைக்கப் போகிறாராம்.

"ஜூலை முடியறதுக்குள்ள உன் வண்டி வெளிய போயிடணும். போகலைன்னா இரும்புக்காரனைக் கூப்பிடுவேன். இங்கேயே வெட்டி மூட்டை கட்டிட்டுப் போயிடுவான்."

"இன்னும் பிரேக் வேலை முடியலை, சார்."

"பிரேக் நிக்கிறதுக்குத்தானே? நான் போகத்தானே சொல்றேன்!" தன் பேச்சை ரசித்துக்கொண்டே கீழே இறங்கிப் போனார்.

பிரேக் இல்லாமல் அந்தச் சந்தில் இறங்கினால் வண்டி கண்ணாடிக் கடைக்குள்தான் போய் நிற்கும். கயிறு கட்டி இறக்கினாலும் முன்னால் போகிற வண்டி மேல் போய் இடிக்கும். பிரேக் பிடித்தால் கார் பிழைக்கும், இல்லையென்றால் மூட்டை.

பழைய குழாய்களை மாற்றினான், ரப்பர் வாஷர்களை மாற்றினான், புது பிரேக் ஆயில் ஊற்றினான். மிச்சம் இருந்தது ஒரே வேலை, ஏர் எடுப்பது. ஆயில் குழாய்க்குள் காற்று புகுந்திருந்தால் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும், சக்கரம் நிற்காது. பெடலுக்கு எட்டத்தில் இருக்கிற சக்கரத்தில் தொடங்கி, ஒவ்வொன்றாக அந்தக் காற்றை வெளியேற்ற வேண்டும். அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பெடலை மிதித்து மிதித்து அழுத்திப் பிடிக்க, மற்றவர் சக்கரத்தருகே படுத்து, நிப்பிள் என்கிற சிறு திருகைத் திறப்பார்; காற்றும் ஆயிலும் பீறிட்டு வரும். நிப்பிளை மூடும் வரை மிதித்த காலை எடுக்கக் கூடாது. எடுத்தால் போன காற்று திரும்ப உள்ளே வந்துவிடும். பெரிய தெருப் பட்டறையில் இருவர் ராகம் போட்டு இதைச் செய்வதை எதிர்ப்புறம் நின்று பார்த்திருக்கிறான். மிதி, பிடி, விடு. மிதி, பிடி, விடு.

அவன் பெடலுக்கும் சீட்டுக்கும் இடையில் ஒரு கட்டையை முட்டுக் கொடுத்துவிட்டுச் சக்கரத்துக்கு ஓடினான். கட்டை பாதியில் நழுவியது. திரும்ப ஓடி முட்டுக் கொடுத்தான். ஒரு மாலை முழுக்க ஓடியும் பெடல் பஞ்சாகவே இருந்தது.

யாரைக் கூப்பிடுவது? வகுப்பில் பக்கத்தில் உட்காருகிறவனின் பெயர் தெரியும். அதற்கு மேல் தெரியாது. பேக்கரிக்காரருக்குப் பகலெல்லாம் அடுப்பு. அப்பாவை எழுப்புவது அந்த வீட்டில் தீப்பிடித்தால் மட்டும் செய்கிற காரியம், அதுவும் பெரிய தீயாக இருந்தால். 'கொஞ்சம் வந்து ஒரு கை கொடுங்க' என்று சொல்வதில் என்ன கஷ்டம்? ஆனால் யாரிடமும் கேட்டுப் பழகாத வாய்க்கு அதுவும் துருப்பிடித்த போல்ட்தான். தனியாக, காரிடம் சொல்லிப் பார்த்தான். நன்றாக வரவில்லை.

அண்ணி அந்த வீட்டுக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. மாவு மில் வைத்திருந்த குடும்பம் அவளுடையது. எந்திரப் பட்டை ஓடுகிற சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி எல்லோருக்கும் தொண்டை கனத்துப்போன வீடு. இங்கே வந்ததும் புருஷன் லாரியோடு போய்விட்டான். மாமனாரின் தூக்கத்துக்குப் பயந்து அவளும் கிசுகிசுக்கப் பழகினாள். பாத்திரத்தைக் கூடத் துணி விரித்துத்தான் கவிழ்ப்பாள். அவளுக்கும் அவனுக்கும் ஒரு நாளில் நடக்கிற பேச்சு 'சாப்பாடு இருக்கு', 'சரி அண்ணி' என்பதோடு முடியும்.

ஒரு நாள் துணி காயப்போட வந்தவள், அவன் சீட்டுக்கும் சக்கரத்துக்குமாக ஓடுவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"என்ன தம்பி, ஓடிப்பிடிச்சு விளையாடறீங்களா?" என்று கிசுகிசுத்தாள். "அதுக்கு ரெண்டு பேர் வேணுமே?"

"இதுக்கும் ரெண்டு பேர் வேணும் அண்ணி."

சொன்ன பிறகுதான், தான் கேட்டே விட்டோம் என்பது அவனுக்குப் புரிந்தது.

அண்ணி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். கால் எட்டவில்லை. சீட்டை முழுசாக முன்னால் இழுத்துக்கொண்டாள். "எதை மிதிக்கணும்? நடுவுலதா? நான் மிதிச்சா வண்டி ஓடிடாதே?"

"ஓடாது அண்ணி. சக்கரத்துக்குக் கல்லு வச்சிருக்கேன். 'மிதிங்க'ன்னா மிதிங்க, 'பிடிங்க'ன்னா அப்படியே பிடிங்க, 'விடுங்க'ன்னா மட்டும் காலை எடுங்க."

பின் சக்கரத்தடியில் போய்ப் படுத்தான். "மிதிங்க." பெடல் முனகியது. "பிடிங்க." நிப்பிளைத் திறந்தான். தகர டப்பாவுக்குள் நுரையோடு ஆயில் பீறிட்டது. "விடாதீங்க" என்றான். உர்ரென்று காற்று திரும்ப உள்ளே போனது.

மறுபடி. மிதிங்க, பிடிங்க, விடாதீங்க, உர்ர். ஆயில் புட்டி காலியாகிக்கொண்டே வந்தது. சிந்திய ஆயில் கதவோரம் பட்டு, அவன் தேய்த்துத் தேய்த்துப் பூசிய பெயிண்ட் சுருங்கிக் கிளம்பியது. அதைப் பார்த்ததும் அவனுக்குக் கண் கரித்தது. அடியிலிருந்து எழுந்து வந்தான்.

"விடாதீங்கன்னா ஏன் அண்ணி விடறீங்க?"

"நீங்கதானே விடுங்கன்னீங்க?"

"விடாதீங்கன்னேன்!"

"காருக்கு அடியில படுத்துக்கிட்டு ரகசியம் பேசினா எனக்கு 'வி'யும் 'ங்க'வும்தான் கேக்குது. நடுவுல இருக்கறத நானா நிரப்பிக்கிட்டேன்." அவளும் கிசுகிசுத்துதான் சண்டை போட்டாள். "எங்க மில்லுல இப்படிப் பேசினா மாவோட விரலும் சேர்ந்து வரும். கத்துங்க தம்பி."

"அப்பா தூங்கறாரே."

"கண்ணாடிக் கடைக்காரர் முழிச்சுக்கிட்டுதானே இருக்காரு? அவரை நினைச்சுக்கிட்டுக் கத்துங்க."

சுவரில் ஜூலை இல்லாத காலண்டர் தொங்கியது. வீட்டுக்காரரிடம் வேறு காலண்டர் இருந்தது. அவன் மறுபடி போய்ப் படுத்தான். மூச்சை இழுத்துக்கொண்டான்.

"மிதிங்க! பிடிங்க! விடாதீங்க!"

தகரக் கொட்டகை அதிர்ந்தது. அவனே திடுக்கிட்டுப் போனான். குரல் உடைந்து கனமாகிப் பல மாதங்கள் ஆகியிருந்தன. ஆனால் அந்தப் புதுக் குரலை உரக்க எடுத்துப் பார்க்க அவனுக்கு வாய்ப்பே வரவில்லை. யாரோ ஒரு பெரிய ஆள் காருக்கு அடியில் கிடந்து கத்துவது போல இருந்தது.

"பிடிச்சிருக்கேன்!" மாவு மில் தொண்டை மேலிருந்து பதில் சொன்னது. நிப்பிளை மூடினான். "விடுங்க!" "விட்டாச்சு!" உர்ர் வரவில்லை.

இரண்டாவது சக்கரத்தில் இருக்கும்போது வீட்டுச் சன்னல் திறந்தது.

"யாரு அது? எவன் அங்க கத்துறவன்?" அப்பாவின் குரல்.

அண்ணிதான் கார் சன்னலில் தலையை நீட்டினாள். "தம்பிதான் மாமா! பிரேக்குக்கு!"

"தம்பியா?" என்றார் அப்பா. பிறகு, "தம்பி குரலா அது?"

அவன் காருக்கு அடியிலேயே கிடந்தான். சன்னலை மூடுகிற சத்தத்துக்காகக் காத்திருந்தான். அது வரவில்லை. கடைசிச் சக்கரம் வரைக்கும் கத்தியபடியே வேலையை முடித்தான். இப்போது பெடல் கல் மாதிரி நின்றது.

அண்ணியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வண்டியைச் சந்துக்குள் இறக்கினான். ஒரே சீட்டு என்பதால் அவள் முன்னால் இழுத்தது அவனுக்கும் சேர்த்துத்தான். முழங்கால் இரண்டும் ஸ்டீயரிங்கில் முட்டின. கீழே, கண்ணாடிக் கடைக்காரர் ஆளுயரக் கண்ணாடி ஒன்றைத் தூக்கியபடி நின்றவர், காரைக் கண்டதும் ஓடவும் முடியாமல் கண்ணாடியைப் போடவும் முடியாமல் அப்படியே உறைந்து போனார். அந்தக் கண்ணாடிக்குள்ளிருந்து ஒரு கார் மேலே ஏறி வந்தது. மிதித்தான். இரண்டு கார்களும் நின்றன.

"நின்னுடுச்சே!" என்று அண்ணி கை தட்டினாள். "இப்படி நிக்குமுன்னு தெரிஞ்சிருந்தா பயப்படாமலே வந்திருப்பேன்!"

பின் கண்ணாடியில் பார்த்தான். மேட்டின் மேல் அப்பா வெளியே வந்து நின்றிருந்தார். ஒரு கையை நெற்றிக்கு மேல் வைத்திருந்தார். கையசைத்தாரா, வெயிலை மறைத்துக்கொண்டாரா என்பது அவ்வளவு தூரத்தில் தெரியவில்லை. பதிலுக்குக் கையை எடுப்பதா வேண்டாமா என்று யோசிப்பதற்குள் பெரிய தெருவில் ஒரு வண்டி ஹாரன் அடித்தது. அன்று மாலை வழக்கம்போல வாசலில் இருவரும் கடந்து போனார்கள். அப்பா நின்றார், வாயைத் திறந்தார், "கதவைச் சாத்திக்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கார் பழைய இடத்துக்கே, அச்சகத்தின் பின்புறத்துக்குப் போனது. வீட்டுக்காரர் கொட்டகையை இடித்தார். கொஞ்ச நாளில் அண்ணன் துறைமுக ஊரில் வீடு பார்த்து அண்ணியைக் கூட்டிக்கொண்டு போனான். வீடு பழையபடி கிசுகிசுக்கக் கூட ஆள் இல்லாமல் ஆனது.

அதற்குப் பிறகுதான் அவன் அந்தக் கட்டையைச் செய்தான். ஒரு மரக்கட்டை, ஒரு சுருள்வில், சக்கரத்தடி வரை நீளுகிற ஒரு கயிறு. கயிற்றை இழுத்தால் கட்டை பெடலை மிதிக்கும், பிடிக்கும், தளர்த்தினால் விடும். இரண்டு பேர் வேலையை அதை வைத்துத் தனியாகச் செய்வதைப் பார்த்துத்தான் பேக்கரிக்காரர் ஒத்தக்கை என்று பெயர் வைத்தார். கட்டை இன்றும் பட்டறையில் இருக்கிறது. வட்ட விளக்குக் காரும் மூலையில் நிற்கிறது. பலர் கேட்டும் விற்கவில்லை.

பட்டறைக்குள் ஆளே இல்லாதபோது உள்ளேயிருந்து பெரிய குரல் ஒன்று கேட்பதுதான் வருகிறவர்களைக் குழப்பும். அண்மையில் வந்த ஒருவர் குனிந்து காருக்கு அடியில் பார்த்தார்.

"யாருகிட்ட பேசிக்கிட்டிருக்கீங்க?"

"கட்டைகிட்ட."

"கட்டைக்கு எதுக்குங்க இவ்வளவு மரியாதை? மிதிங்க, பிடிங்கன்னு?"

"பழகிடுச்சு" என்றார் ஒத்தக்கை.

வந்தவர் சட்டைக் கையை மடித்தார். "நான் வேணும்னா ஏறி மிதிக்கட்டுமா?"

அடியில் ஸ்பேனர் ஒரு முறை சிமெண்டுத் தரையில் விழுந்து ஒலித்தது.

"வேணாங்க. சட்டை அழுக்காயிடும்" என்றார். பிறகு, தெரு வரைக்கும் கேட்கும்படியாக:

"பிடிங்க! விடாதீங்க!"